ஒரே கப்பல், இரண்டு தீர்ப்பு

சென்னைத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குகிற வரிசை. ஒருவர் அடுத்த பயணத்துக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் நிற்பவர் கொடுத்த காசை நினைத்துப் பொருமுகிறார். இருவரும் படுத்தது ஒரே தளத்தில், சாப்பிட்டது ஒரே பந்தியில். யார் சொல்வதை நம்பிப் பணம் கட்டுவது?

இந்தக் கேள்வி கடலுக்கு மட்டும் உரியதல்ல, மலையிலும் உண்டு. விடியற்காலை நான்கு மணி. சூரியநெல்லியில் குல்லாவும் கம்பளியுமாகச் சுற்றுலாப் பயணிகள் ஜீப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் போக வேண்டிய கொழுக்குமலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டி ஏறுகிற வழியோ கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், இந்தச் சூரியநெல்லியிலிருந்துதான். ஹாரிசன்ஸ் மலையாளம் நிறுவனத்தின் தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்து, பாறையும் பள்ளமுமாக ஏறும் அந்தப் பாதை ஜீப்புக்கு மட்டுமே வசப்படும். 7,000 அடிக்கு மேலே, மேகம் காலுக்குக் கீழே கிடக்க, சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, 1930களில் தொடங்கிய பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு டீயும் குடித்துவிட்டு இறங்குவார்கள்.

இறங்கும்போது ஒரே ஜீப்பில் இரண்டு கட்சி இருக்கும். இடுப்பு ஒடிந்தது, இதற்கா இவ்வளவு காசு என்பார் ஒருவர். இப்படி ஒரு விடியலுக்காக இன்னும் இரண்டு மடங்கு கொடுக்கலாம் என்பார் பக்கத்தில் இருப்பவர். ஜீப்காரருக்கு இரண்டும் பழகிய பேச்சு.

இந்த மலைக்கு வருகிற அதே குடும்பங்கள்தான் இப்போது அடுத்த விடுமுறைக்குக் கப்பலை யோசிக்கின்றன. சூரியநெல்லிக்கு அருகே மலையைக் கடக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே இரண்டு கடல்களை இணைக்கிற சாலைதான். அதன் ஒரு முனை கொச்சி, சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம். மறுமுனை தொண்டி, கிழக்குக் கரையின் பழைய துறைமுகம். கொச்சியிலோ சென்னையிலோ கப்பலேறலாமா என்று விசாரிக்கத் தொடங்கியதும், ஜீப்பில் கேட்ட அதே இரண்டு கட்சிப் பேச்சு இன்னும் உரக்கக் கேட்கிறது.

பல பெயர் கண்ட ராணி

சொகுசுக் கப்பல் என்றதும் இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் மனதில் வருவது ஒரு கப்பல்தான்: கோர்டிலியா குரூசஸ் நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து பயணங்களைத் தொடங்கியது. கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று அதன் வழி விரிந்தது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைக்க, தமிழகத்திலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று மத்திய கப்பல் துறை அமைச்சர் சர்பானந்தா சோனோவால் இலங்கைப் பயணத்தைத் தொடங்கிவைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். அதையொட்டிச் சென்னைத் துறைமுகத்தில் 17.21 கோடி ரூபாயில் பயணிகள் முனையமும் எழுந்தது.

கப்பல் புதிதல்ல. 1990இல் பிரான்ஸின் சென் நசேர் தளத்தில் கட்டி முடிக்கப்பட்டபோது அதன் பெயர் ‘நார்டிக் எம்பிரஸ்’. உரிமையாளர் ராயல் கரீபியன். மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று, நான்கு இரவுப் பயணம் போகவென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல் அது. 2004இல் ‘எம்பிரஸ் ஆஃப் த சீஸ்’ ஆனது. 2008இல் ஸ்பெயினின் புல்மான்டூர் நிறுவனத்துக்குப் போய் வெறும் ‘எம்பிரஸ்’ ஆனது. 2016இல் தாய்வீடு திரும்பியது. அமெரிக்கச் சுகாதாரத் தரத்துக்கேற்பச் சமையல்கூடத்தைச் சீரமைக்கும் வேலை இழுத்ததில், அறிவித்திருந்த பயணங்கள் சிலவற்றை அப்போது ரத்து செய்ய வேண்டி வந்தது. 2017இல் கியூபாவுக்குப் போகத் தொடங்கியது. 2019 ஜூனில் கியூபா செல்லும் சுற்றுலாக் கப்பல்களை அமெரிக்க அரசு தடை செய்தது. அடுத்து கொரோனா. 2020 முடிவில் கைமாறி இந்தியாவுக்கு வந்தது.

நீளம் 211 மீட்டர். மொத்தக் கொள்ளளவு 48,563 டன். 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ இதைப்போல் ஐந்து மடங்குக்கும் பெரியது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ‘ஜென்டிங் ட்ரீம்’ மூன்று மடங்கு. இந்த ஒப்பீடுதான் இரண்டு கட்சிகளையும் பிரிக்கும் முதல் கோடு.

யார், எதோடு ஒப்பிட்டு?

புகழ்கிறவர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வருபவை மனிதர்களும் சாப்பாடும். அறையைச் சுத்தம் செய்யும் ஊழியர் இரண்டாம் நாளே பெயர் சொல்லி வணக்கம் வைத்தார். குழந்தைக்குக் காரமில்லாமல் தனியாகச் செய்து கொடுத்தார்கள். ஜைன உணவுகூடக் கிடைத்தது. இரவு அரங்கில் ஆட்டம், பாட்டம், மாயாஜாலம். வெளிநாட்டுக் கப்பலில் ரொட்டியையும் பழத்தையும் வைத்து நாள் கடத்திய பெரியவர்களுக்கு, நடுக்கடலில் பருப்பும் சோறும் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. பாஸ்போர்ட் இல்லாமலே உள்நாட்டுப் பயணம் போகலாம் என்பதும் பெரிய ஈர்ப்பு.

குறை சொல்கிறவர்கள் பேச்சில் வருபவை பொருள்கள். குளியலறை சின்னது. தரைவிரிப்பு பழையது. கதவுக் கீல் கிறீச்சிடுகிறது. பால்கனி வேண்டுமென்றால் மிகச் சில அறைகளில்தான் உண்டு. லிஃப்டுக்கு நிற்க வேண்டும், காலைச் சாப்பாட்டுக்கும் நிற்க வேண்டும். நீச்சல்குளம் படத்தில் தெரிந்ததைவிடச் சிறியது. அதைச் சுற்றிக் கூட்டமும் ஸ்பீக்கர் சத்தமும்.

கவனித்துப் பார்த்தால் இந்த இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முதலாமவர் பேசுவது சேவையை. இரண்டாமவர் பேசுவது கப்பலின் நிலையை. உபசரிப்பு நன்றாக இருந்து குழாய் ஒழுகலாம். குழாய் பளபளத்து உபசரிப்பு மோசமாகவும் இருக்கலாம். இரண்டையும் கூட்டிக் கழித்து ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்று ஒரே எண்ணாக்கும்போதுதான் பயன்படக்கூடிய செய்தி தொலைந்துபோகிறது.

ஒப்பிடும் அளவுகோலும் ஆளுக்கு ஆள் வேறு. முதன்முதலாகக் கப்பலேறும் மதுரைக்காரருக்குப் பதினொரு தளம் உயர்ந்து நிற்கும் அந்த வெள்ளை உருவமே ஆச்சரியம். அவர் மனதில் அளவுகோலாக இருப்பது இராமேஸ்வரத்துப் படகு அல்லது மண்டபம் கரையில் பார்த்த மீன்பிடி விசைப்படகு. சிங்கப்பூரில் ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ்’ ஏறி வந்த சென்னைக்காரர் கொண்டுவரும் அளவுகோல் 2019இல் கட்டிய கப்பல். தன் அளவுகோலின்படி இருவர் சொல்வதும் சரிதான்.

நோக்கமும் சேர்ந்துகொள்கிறது. அலுவலகக் குழுவாக வந்த இளைஞர்களுக்கு நள்ளிரவு டி.ஜே. சத்தம்தான் பயணமே. அறுபதாம் கல்யாணம் முடித்துப் பெற்றோரை அழைத்து வந்த மகனுக்கு அதே சத்தம் கொடுமை. சர்வதேசக் கடலுக்குள் நுழைந்ததும் திறக்கும் சூதாட்டக்கூடம் ஒருவருக்கு வேடிக்கை, இன்னொருவருக்கு முகச்சுளிப்பு.

வடிவமைப்பே வரைந்த எல்லை

குறைகளில் பலவற்றுக்கு ஊழியர் யாரும் பொறுப்பல்ல. கப்பல் பிறந்த காலம்தான் காரணம். எம்பிரஸ் கட்டப்பட்ட 1990 வாக்கில், பயணி அறையில் தூங்க மட்டும் போவார், மற்ற நேரமெல்லாம் பொது இடங்களில்தான் இருப்பார் என்பதே கப்பல் கட்டுவோரின் கணக்கு. அதனால் அறைகள் சிறுத்து, நடுமுற்றமும் அரங்கும் பெருத்தன. உட்பக்க அறைகளுக்குச் சன்னலே கிடையாது. அறைக்கொரு பால்கனி என்ற பழக்கம் அதன்பின் வந்தது. இரும்புச் சுவர்களால் ஆன அறையை வீட்டை இடித்துக் கட்டுவதுபோல் பெரிதாக்கவும் முடியாது. புது மெத்தை, புது விரிப்பு போடலாம். அறை அதே அளவில்தான் இருக்கும்.

குறும்பயணங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஏழு இரவுப் பயணம் போகும் கப்பலில் வாரத்துக்கு ஒரு முறைதான் பயணிகள் மாறுகிறார்கள். இரண்டு, மூன்று இரவுப் பயணத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. காலையில் பழைய பயணிகள் இறங்கி முடிப்பதற்கும் மாலையில் புதியவர்கள் ஏறுவதற்கும் இடையே கிடைக்கும் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான அறைகளைத் துப்புரவாக்கி, படுக்கை மாற்றி, சரக்கு ஏற்றி முடிக்க வேண்டும். துறைமுகத்தில் நீளும் வரிசை, அறை இன்னும் தயாராகவில்லை என்ற பதில், ஏறிய முதல் மணி நேரத்தின் எரிச்சல் எல்லாம் இங்கிருந்துதான் பிறக்கின்றன. தரைவிரிப்பும் பெட்டி இழுத்துத் தேய்கிறது; வாரம் ஒரு முறை இழுப்பதற்கும் மூன்று முறை இழுப்பதற்கும் தேய்மானத்தில் வித்தியாசம் இருக்காதா?

புன்னகையோடு பெயர் சொல்லும் அந்த ஊழியரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தரப்பட வேண்டும். 2013 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. அதாவது 14 மணி நேர வேலை சட்டத்துக்கு உட்பட்டதே. மாதக்கணக்கில் விடுப்பில்லாமல் அப்படி உழைக்கிறவரின் முகத்தில் ஒரு நாள் சோர்வு தெரிந்தால், அதை ‘மோசமான சேவை’ என்று எழுதும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

டிக்கெட்டில் தெரியாத செலவு

கசப்பின் இன்னொரு ஊற்று பில். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, அரங்க நிகழ்ச்சிகள் கட்டணத்துக்குள் வந்துவிடும். மது, இணையம், மசாஜ், சிறப்பு உணவகங்கள், கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் பயணங்கள் எல்லாம் பொதுவாகத் தனிக்கணக்கு. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியருக்கான சேவைத்தொகை என்று மேலும் சில வரிகள் ஏறும். உலகெங்கும் கப்பல் சுற்றுலா இப்படித்தான் நடக்கிறது. தொடக்க விலையைக் குறைத்துக் காட்டி ஆளை ஏற்றுவது, ஏறிய பின் செலவழிக்க வைப்பது என்பதே அந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு.

மேல்நாட்டுப் பயணிக்கு இது பழகிப்போனது. நம் குடும்பங்களுக்குப் பழக்கம் வேறு. பேக்கேஜ் என்றால் பஸ், தங்குமிடம், சாப்பாடு, தரிசன டிக்கெட் எல்லாம் அடக்கம் என்று காசி யாத்திரை ஏற்பாட்டாளர்களிடம் பழகியவர்கள் நாம். அந்த மனக்கணக்கோடு கப்பலேறியவர் கடைசி நாள் பில்லைப் பார்க்கும்போது, அதுவரை ருசித்த பிரியாணியும் கசந்துவிடுகிறது. முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர் அதே பில்லைச் சிரித்துக்கொண்டே கட்டுகிறார்.

கடல் வைத்த அட்டவணை

ஜூனில் கப்பல் சென்னைக்கு வருவது எதனால்? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்கள் அவை. மும்பை, கோவா, லட்சத்தீவு வழிகள் சுற்றுலாவுக்கு ஏற்றவையாக இருக்காது. ஆகவே மழைமறைவுப் பக்கமான நம் கிழக்குக் கரைக்குக் கப்பல் இடம் மாறுகிறது. இது தெரியாமல், வங்கக்கடலும் ஜூன், ஜூலையில் கொஞ்சம் ஆட்டம் காட்டும் என்று யாரும் சொல்லாமல் ஏறியவருக்கு, முதல் இரவின் தலைசுற்றலே பயணத்தின் நினைவாக நின்றுவிடும்.

துறைமுகம் மாறுவதும் ரத்தாவதும் அடுத்த சண்டை. 2022 ஜூனில் சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று அறிவிக்கப்பட்ட வழியில் புதுச்சேரி விழுந்துபோனது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்து, கரை தொட அனுமதி கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில்தான் கப்பல் புதுச்சேரிக் கடலுக்கு வந்து நங்கூரமிட்டது. பயணிகள் படகில் கரைக்கு வந்தார்கள். லட்சத்தீவின் அகத்தியிலும் இவ்வளவு பெரிய கப்பல் அணைய இடம் கிடையாது. தள்ளி நிறுத்தி, சிறு படகில் இறக்க வேண்டும். அலை எழுந்தால் இறக்க மாட்டார்கள். பாதுகாப்புக்காக வழியை மாற்றும் உரிமை கப்பல் தலைவருக்கு உண்டு என்பது உலகம் முழுக்கக் கப்பல் டிக்கெட்டுகளின் சின்ன எழுத்தில் இருக்கும்.

தீவு பார்க்கவே வந்தவருக்கு அது ஏமாற்றம். கப்பலே போதும் என்று வந்தவருக்கு அது கூடுதலாக ஒரு நாள் நீச்சல்குளம். சென்னையிலிருந்து புறப்பட்டு எங்கும் நிற்காமல், ஆழ்கடல் போய்த் திரும்பும் இரண்டிரவுப் பயணத்திலும் இதே பிரிவினைதான். எங்கேயும் கூட்டிப் போகவில்லையே என்ற புகாரும், எங்கேயும் இறங்க வேண்டியிருக்கவில்லை என்ற நிம்மதியும் ஒரே டிக்கெட்டிலிருந்து வருகின்றன.

ராஜுலாவின் மேல்தளமும் கீழ்தளமும்

ஒரே கப்பலை இரண்டு விதமாகப் பேசுவது தமிழருக்குப் புதிதில்லை. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட ‘எஸ்.எஸ். ராஜுலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடியது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட ‘டெக்’ பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. மேலே அறை எடுத்தவர்களுக்கு மேசைவிரிப்பும் வெள்ளிக் கரண்டியும். கீழே பாயை விரித்து, பெட்டியைத் தலைக்கு வைத்து, வாந்திக்கும் வெக்கைக்கும் நடுவே ஒரு வாரம். தோட்டக்காட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் ராஜுலா ஒரு கண்ணீர்க் கதை. வியாபாரத்துக்குப் போய்வந்த குடும்பங்களில் அதே பெயர் ஒரு பெருமை.

சூரியநெல்லியின் லயங்களில் தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. பஞ்சமும் கடனும் துரத்திய காலத்தில் ஒரு பகுதியினர் கங்காணிகளோடு இந்த மலைகளுக்கு ஏறினார்கள்; இன்னொரு பகுதியினர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள்.

எழுபதுகளில் ராஜுலாவின் இடத்துக்கு வந்தது ‘எம்.வி. சிதம்பரம்’. அதுவும் பிரான்ஸில் கட்டப்பட்டு, ‘பாஸ்டர்’ என்ற பெயரில் ஓடி, கைமாறி வந்த கப்பல்தான். நீச்சல்குளமும் குளிர்சாதனமும் கொண்ட அதை அக்காலத்தில் அரண்மனை என்றே பலர் நினைத்தார்கள். 1985 பிப்ரவரியில் தமிழகக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது அதில் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. அத்தோடு அந்தப் பயணிகள் சேவையே முடிந்தது. நீச்சல்குளம் எவ்வளவு அழகு என்று அதுவரை பேசிய யாருக்கும் தீத்தடுப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

விவாதத்தின் மையம் இதுதான். கப்பலின் நிலை என்று பயணி சொல்வது அவர் கண்ணில் படுவதை: கறை, கிழிசல், துரு. உப்புக்காற்றில் நிற்கும் இரும்பு துருப்பிடிக்கும். கைப்பிடியில் தெரியும் மேல்துருவுக்கும் கப்பலின் உறுதிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. உண்மையிலேயே உயிரைத் தீர்மானிப்பவை இயந்திர அறையில் எண்ணெய்க் குழாய்கள், தீயணைப்புக் கருவிகள், உயிர்காக்கும் படகுகளை இறக்கும் கப்பிகள். இவை எதுவும் பயணி எழுதும் விமர்சனத்தில் வராது.

2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் ட்ரையம்ஃப்’ கப்பலுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. இயந்திர அறைத் தீயால் மின்சாரம் அற்று, 4,000க்கும் மேற்பட்டோர் கழிப்பறை இயங்காத கப்பலில் நான்கு நாள் தத்தளித்தார்கள். எண்ணெய்க் குழாய்களில் கசிவு அபாயம் இருப்பது நிறுவனத்துக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது பின்னர் நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. புறப்பட்ட அன்று ஏறிய பயணிகளுக்கு அந்தக் கப்பல் பளிச்சென்றுதான் தெரிந்திருக்கும்.

இதில் கருத்துக்கு இடமில்லை, சோதனைக்கும் ஆவணத்துக்கும்தான் இடம் என்பதை உலகம் அடி வாங்கித்தான் கற்றது. கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான ‘சோலாஸ்’ உடன்படிக்கையின்படி பயணிகள் கப்பல் ஆண்டுதோறும் ஆய்வுக்கு உட்பட வேண்டும். ஐந்தாண்டில் குறைந்தது இரண்டு முறை அதன் அடிப்பகுதியை நீருக்கு வெளியே கொண்டுவந்து பார்க்க வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி தந்தாக வேண்டும் என்று விதி இறுகியது. லவுஞ்சிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போகிறார்களே என்று சிலர் அலுத்துக்கொள்ளும் அந்த ஒத்திகை அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், கப்பல்களின் சமையலறை, குடிநீர், நீச்சல்குளம் எல்லாவற்றையும் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, யாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தேர்ச்சியில்லை. சாப்பாடு ருசியா இல்லையா என்பது பயணியின் பாடு. சமையலறை சுத்தமா இல்லையா என்பது ஆய்வாளரின் பாடு.

இதே பாடத்தை இடுக்கி மலையும் சமீபத்தில் படித்தது. மூணாறு பகுதியில் நடந்த ஜீப் விபத்தைத் தொடர்ந்து, 2025 ஜூலையில் மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்குத் தடை போட்டது. வண்டியின் தகுதியையும் ஓட்டுநரையும் சோதித்து, அதன் பிறகே நிபந்தனைகளோடு திறந்துவிட்டார்கள். சீசன் போகிறதே என்று பிழைப்புக்காரர்கள் தவித்தார்கள். அந்தத் தவிப்பு நியாயமானது. என்றாலும் ஜீப்பின் பிரேக் நன்றாக இருக்கிறதா என்பதைச் சூரிய உதயம் பார்த்துக் கிறங்கி வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்றையும் இந்த மலைப்பாதை காட்டுகிறது. கொழுக்குமலை ஜீப்பில் ஏ.சி. இல்லை என்று யாரும் சண்டை போடுவதில்லை. குலுங்கும், தூசி படியும், குளிரும் என்று ஏறும் முன்பே எல்லோருக்கும் தெரியும். கொடுக்காததைக் கொடுப்பதாக யாரும் சொல்லவில்லை. கப்பலில் நடப்பது நேர்மாறு. விளம்பரத்தில் பளிங்கு, நீலக்குளம், தனிமை. நேரில் 1990இல் கட்டிய அறை, கூட்டம், வரிசை. இது முப்பது வயது தாண்டிய நடுத்தரக் கப்பல், அறை சிறியது, ஊழியர் நல்லவர்கள், சாப்பாடு நம் ருசிக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றிருந்தால், குறை சொல்கிறவர்களில் பலர் குறையே சொல்லியிருக்க மாட்டார்கள்.

பணம் கட்டும் முன்

எந்தக் கப்பலானாலும், மற்றவர் விமர்சனம் படிக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இந்தக் கேள்விகளுக்கும் ஒதுக்கலாம்.

கட்டிய ஆண்டு எது, கடைசியாக எப்போது உலர்தளத்தில் ஏற்றிப் பழுதுபார்த்தார்கள்? அறையின் சதுர அடி எவ்வளவு, சன்னல் திறக்குமா, இல்லை வெறும் கண்ணாடியா, அல்லது சன்னலே கிடையாதா? கட்டணத்துக்கு மேல் கட்டாயமாக வரும் தொகைகள் எவை, விருப்பப்பட்டால் மட்டும் வருபவை எவை? வழியில் கப்பல் துறையில் அணையுமா, இல்லை படகில் இறக்குவார்களா? ஒரு துறைமுகம் ரத்தானால் பணம் திரும்புமா? அந்த மாதத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும்? முழங்கால் வலிக்காரருக்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் எந்தத் தளத்தில் அறை வசதி?

விமர்சனம் படிப்பதிலும் ஒரு முறை வேண்டும். நட்சத்திரத்தை விட்டுவிட்டு, எழுதியவர் யார் என்று பாருங்கள். யாருடன் போனார், எந்த மாதம் போனார், எந்த வகை அறை எடுத்தார், இதற்கு முன் கப்பல் ஏறியிருக்கிறாரா? உங்களைப் போன்ற ஒருவர் எழுதிய ஒரு பத்தி, உங்களைப் போலில்லாத நூறு பேரின் சராசரியைவிட உதவும். ஊழியர், சாப்பாடு, பொழுதுபோக்கு பற்றி அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கப்பல் பத்திரமானதா என்பதை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.

இனி வரும் கப்பல்கள்

இந்தச் சந்தை சுருங்கப் போவதில்லை. நார்வீஜியன் குரூஸ் லைனின் ‘நார்வீஜியன் ஸ்கை’, ‘நார்வீஜியன் சன்’ என்ற இரு கப்பல்களும் கோர்டிலியாவின் கொடியில் இந்தியா வரவிருப்பதாக 2025இல் அறிவிப்பு வந்தது. எம்பிரஸைவிடப் பெரியவை, இளையவை. ஆனால் அவையும் 1999இலும் 2001இலும் ஓடத் தொடங்கியவை. பழைய கப்பல் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதிய கப்பல்களின் விலையில் பயணம் என்றால் நம்மில் பலர் கரையிலேயே நின்று கையசைக்க வேண்டியதுதான். நல்ல பராமரிப்பில் ஒரு கப்பல் நாற்பது ஆண்டும் ஓடும்.

வெட்கப்பட வேண்டியது மறைப்பதற்குத்தான். ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் தயாரித்த தேதியும் அடங்கிய பொருள்களும் அச்சிடப்பட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிற நாடு, பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கடலுக்குப் போகிறவரின் டிக்கெட்டிலும் சிலவற்றை அச்சிடச் சொல்லலாம். கட்டிய ஆண்டு, கடைசி ஆய்வு நடந்த தேதி, சமையலறைச் சுகாதாரச் சோதனையின் முடிவு, கட்டாயக் கூடுதல் செலவு. நான்கு வரிதான். மாநிலச் சுற்றுலாத் துறைகள் கொடியசைத்து வழியனுப்பும் பயணங்களிலாவது இதை நிபந்தனையாக வைக்க முடியும். அந்த நான்கு வரி கையில் இருந்தால், நடனம் பிடித்ததா, தோசை மொறுமொறுவென்று இருந்ததா, அறை போதுமா என்பதைப் பற்றிக் கப்பல் இறங்குகிறவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அந்தச் சண்டையில் இருவரும் ஜெயிக்கலாம்.